கூட்டத்துக்கு முன்பே எழுதப்பட்ட கூட்டறிக்கை

1

இக்குறிப்பில் இரண்டு வகைச் செய்திகளுக்கே இடம் உண்டு. ஒன்று, நான் கண்ணால் கண்ட தாளில் எழுதப்பட்டிருப்பது. மற்றது, தனித்தனியே என்னோடு பேசிய இருவரின் சொல்லில் ஒத்துப்போனது. ஒருவர் மட்டுமே சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுவேன். ஊரின் பெயரையும் பிரதேச செயலகத்தின் பெயரையும் தரமாட்டேன். வன்னியில், இரணைமடு நீர் பாயும் வாய்க்கால்களில் ஒன்றின் கரையில் அமைந்த ஒரு குடியேற்றம் என்ற அளவே போதும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் கேள்விப்பட்டதைக் கண்டதாகவும், கண்டதைக் கண்ணீராகவும் மாற்றிவிடும் பழக்கம் உடையவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். அதைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. நடவாத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் ஒரு தாளைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அத்தாளின் வசனங்களில் எவரும் பிழை காண இயலாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அவ்வசனங்கள் என்னுடையவை.

2

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஒரு நகரத்தில், மாநகர நிருவாகத்தின் எழுதுநராகப் பணிபுரிகிறேன். நகரின் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் ஓர் அயலவர் மன்றம் உண்டு. அவற்றுள் மூன்று என் பொறுப்பு. கூட்டத்துக்கு அறிவித்தல் அனுப்புவது, மண்டபக் கதவைத் திறக்கும் திறப்பை வாங்கிவைப்பது, கோப்பி ஊற்றிவைப்பது, பேசப்படுவதை எழுதுவது, எழுதியதை அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெறுவது ஆகியன என் கடமைகள்.

இம்மன்றங்கள் எதைப் பேசுகின்றன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நாய்களின் கழிவை அள்ளும் பைகள் எந்தக் கம்பத்தில் தொங்கவேண்டும் என்பதை ஒரு மன்றம் மூன்று கூட்டங்களில் ஆராய்ந்தது. கடற்கரையில் அமர்வதற்கான வாங்கு கடலைப் பார்க்கவேண்டுமா, கடையைப் பார்க்கவேண்டுமா என்பதில் இரு கட்சிகள் உருவாயின. இந்தப் பெருங்காரியங்களைப் பதிவுசெய்வதற்குச் சம்பளமும் விடுமுறையும் ஓய்வூதியமும் உடைய ஒரு முழு மனிதனை ஒரு நகரம் வைத்திருக்கிறது. அம்மனிதன் நான். தொடக்கத்தில் எனக்குள் ஏளனம் மட்டுமே இருந்தது.

கடந்த கூட்டத்தில் ஆர்னே என்ற முதியவர் அறிக்கையை ஏற்க மறுத்தார். ஓய்வுபெற்ற கப்பற் பொறியியலாளர்; மன்றத்தில் எவருக்கும் அவரைப் பிடிக்காது. வாங்கைப் பற்றிய முடிவை 'மன்றம் ஏற்றுக்கொண்டது' என்று எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் தாம் கழிவறையில் இருந்ததாகவும், ஆகவே தாம் ஏற்றுக்கொள்ளவில்லை என்றும் அவர் சொன்னார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேச்சு. இறுதியில், 'அவ்வேளை அறையில் இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டனர்' என்று திருத்தினேன். ஆர்னே கோப்பியை முடித்துவிட்டு மனநிறைவோடு வீடு சென்றார்.

இவரிடம் நான் முதன்முதலில் அகப்பட்டது வேலையில் சேர்ந்த ஆண்டில். என் முதல் அறிக்கையின் கடைசி வரியாக, கூட்டம் இனிதே நிறைவுற்றது என்பதை நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தேன். யாருக்கு இனிதாக இருந்தது என்று ஆர்னே கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த வரியை வெட்டினேன். அதற்கு முன்பு, தமிழில், அந்த வரியை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. ஒரு முறையேனும் எவரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை.

3

புலம்பெயர்வதற்கு முன்பு வன்னியில் நான் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். ஊர்தோறும் உள்ள கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கூடும்போது உடனிருந்து, அறிக்கையில் கையொப்பம் இடுவது என் வேலை. உத்தியோகத்தரின் கையொப்பம் இல்லாத தீர்மானம் செயலகத்தில் செல்லாது. சங்கங்களோ பல, ஆள் நான் ஒருவன், ஊர்தி ஒரு சைக்கிள். எனக்குரிய ஊர்கள் போதாவென்று, ஆள் நியமிக்கப்படாத ஊர்களுக்கும் நானே 'பதில் கடமை'. ஒரு பிற்பகலில் மூன்று கூட்டங்களுக்குப் போகவேண்டிய நாள்களும் இருந்தன.

ஆகவே ஒரு வழி கண்டேன். பொது அறிக்கை ஒன்றை எழுதி, எல்லாச் சங்கச் செயலாளர்களிடமும் கொடுத்தேன். திகதிக்கும், வந்தோர் தொகைக்கும், தீர்மானத்துக்கும் மட்டும் வெற்றிடம் விட்டிருந்தேன். கூட்டத்துக்கு முதல்நாளே அதைப் பார்த்து அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். நான் வந்ததும் கையொப்பம் இட்டு, பிரதியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவேன். கூட்டம் தன்பாட்டில் நடக்கும். அந்தப் பொது அறிக்கையின் நடுவே ஒரு வாக்கியம் இருந்தது: 'கூடியோர் கலந்தாய்ந்து, மாறுபடும் குரல் ஏதுமின்றி, ஒருமனதாக முடிவுசெய்தனர்.' அதன் ஓசையில் எனக்குப் பெருமை. செயலகத்தில் அதை வாசித்துக் காட்டியும் இருக்கிறேன்.

பிறகு நான் புறப்பட்டுவிட்டேன். ஊர்கள் இடம்பெயர்ந்தன. வீடுகள் போயின, கோப்புகள் போயின, திணைக்களத்தின் பெயரும் மாறியது. அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. என் சொந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளராயிருந்த அம்மையார் அதைப் பயிற்சிக் கொப்பி ஒன்றில் எழுதி, இடம்பெயர்ந்த வழியெல்லாம் காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரங்களோடும் சேர்த்துக் காவியிருக்கிறார். மீள்குடியேறிய பின் ஊரில் சங்கம் புதுப்பிக்கப்பட்டபோது, அக்கொப்பி அவருடைய மகள் யோகேஸ்வரியின் கைக்கு வந்தது. காப்பாற்றப்பட வேண்டியவை எத்தனையோ இருக்க, காப்பாற்றப்பட்டது அது.

4

யோகேஸ்வரி பதினொரு ஆண்டுகளாகச் சங்கத்தின் செயலாளர். சம்பளம் இல்லை. எழுதும் தாளும் பேனாவும் அவருடையவை. செயலகத்துக்குப் போகும் பேருந்துச் செலவும் அவருடையது. உத்தியோகத்தர் செய்யவேண்டிய குடும்ப விவரத் திரட்டும் வெள்ளப் பாதிப்புப் பட்டியலும் இவர் கையெழுத்தில்தான் போகின்றன. செயலகத்துக்கு ஒப்பந்த உதவியாளர்களைத் தெரிவுசெய்யும் பட்டியலில் தம் பெயர் இருப்பதாகச் சொன்னார். அப்பட்டியலை நான் காணவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஊர் சென்றபோது அந்தச் செயலகத்துக்கும் போனேன். ஒரு நீண்ட மேசையைச் சுற்றி இளம் பட்டதாரி உத்தியோகத்தர்கள் நிறைந்திருந்தனர். கதிரை போதாமல் இருவர் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்தனர். ஒருத்தி தலைப்புக் கோடுகளைச் சிவப்பு மையால் மிக நேர்த்தியாக இட்டுக்கொண்டிருந்தாள். கோட்டின் கீழே எழுத ஒன்றும் இல்லை. அதே செயலகத்தின் எல்லைக்குள் யோகேஸ்வரியின் ஊருக்கென்று ஒருவரும் இல்லை. வேறு ஊர்களுக்குரிய ஒருவர் பதில் கடமை. என் காலத்தில் ஆள் இல்லாததால் ஊருக்கு ஆள் இல்லை. இப்போது ஆள் இருந்தும் ஊருக்கு ஆள் இல்லை. நிருவாகம் வளர்ச்சி கண்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பயணத்தில் மதகையும் பார்த்தேன். ஊருக்குள் போகும் ஒரே வீதி வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் உள்ள சிறு பாலம் அது. ஒரு பக்கச் சுவர் சரிந்து, உழவு இயந்திரம் ஏறும்போது நடுங்கியது.

திரும்பி வந்து, எங்கள் ஊர் ஒன்றியத்தில் இதைச் சொன்னேன். ஒன்றியம் என்பது, அவ்வூரை விட்டு வந்த நாங்கள் ஆண்டுக்கு இரு முறை கூடி, பிட்டும் ஆட்டிறைச்சியும் உண்டு, ஊருக்கு என்ன தேவை என்பதை ஊரைக் கேளாமல் தீர்மானிக்கும் அமைப்பு. ஊர் வாசலில் நல்வரவு வளைவு ஒன்று கட்டுவது அன்றைய தீர்மானம். தூண்களில் பளிங்குப் பலகை, பலகையில் எங்கள் பெயர்கள். முதலில் மதகைத் திருத்தலாமே என்றேன். தலைவர் சிவஞானம் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, மதகிலை பேர் போட ஏலுமோ? போட்டாலும் தண்ணிக்குள்ளை ஆர் இறங்கி வாசிக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இது எனக்கு உறுதியாகத் தெரிந்த செய்திகளுள் ஒன்று.

5

வளைவு வீதியோரத்தில் அமைவதால், ஊர்ச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும் என்று செயலகம் கேட்டது. கூட்டம் கூடியது. அன்று நடந்ததை, எல்லாம் முடிந்த பிறகு, யோகேஸ்வரியும், சங்கத்தின் தலைவரான, வயல் செய்யும் தருமலிங்கம் என்ற கமக்காரரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இருவர் சொல்லும் ஒத்துப்போகும் பகுதி பின்வருமாறு.

பதில் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே புத்தகத்தைக் கேட்டார். வளைவுக்கு ஒப்புதல் தரும் அறிக்கை அதில் முழுதாக எழுதப்பட்டிருந்தது. சனங்கள் இன்னும் கதைக்கவில்லையே என்று யோகேஸ்வரி சொன்னார்.

"நீங்கள் ஆறுதலாக் கதைச்சு முடியுங்கோ. எனக்கு மற்றக் கூட்டம் கிடக்கு. எல்லாம் எழுதிக் கிடக்குத்தானே."

கையொப்பம் இட்டு, பிரதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் கூட்டம் தொடங்கியது. தருமலிங்கம் எழுந்து, தலைவராயிருந்தும் பொதுமக்கள் பக்கம் போய் நின்று கேட்டாராம்.

"வளைவுக்குள்ளாலை பூந்து வாய்க்காலுக்கை விழுகிறதுக்கு நல்வரவோ? மதகைக் கட்டச் சொல்லி எழுது பிள்ளை."

கைகள் உயர்ந்தன. வளைவு வேண்டாம், அதற்குரிய உதவியை மதகுக்குத் தரும்படி ஒன்றியத்தைக் கேட்பது என்று முடிவாயிற்று. அந்த ஊரில் என் வாக்கியத்துக்குப் பொருத்தமான கூட்டம் ஒன்று உண்மையாகவே நடந்தது அன்றைக்குத்தான்.

இனி யோகேஸ்வரி மட்டும் சொன்னது. அந்த முடிவை வேறொரு தாளில் எழுதி, மறுநாள் பேருந்தில் செயலகத்துக்குக் கொண்டுபோனார். உத்தியோகத்தர் அங்கு இல்லை; வேறெங்கோ பதில் கடமை. மேசையின் தட்டில் வைத்துவிட்டு வந்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த ஊருக்கென்று அங்கே எவரும் இருக்கவும் இல்லை.

வளைவு எழுந்தது. சிவஞானம் பொன்னாடையோடு பறந்து போய்த் திறந்துவைத்ததை ஒளிப்பதிவில் பார்த்தேன். ஒன்றியத்தில் எவருக்கும் இரண்டாவது முடிவு தெரியாது; செயலகம் எங்களுக்கு அனுப்பியது முதலாவதை. மாரியில் வாய்க்கால் பெருகி, மதகு இடிந்து போனது. தருமலிங்கம் அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது. முன்னே வளைவு, அதன் உச்சியில் நல்வரவு, தூணில் என் பெயரும். பின்னே கலங்கல் நீர். அதற்கப்பால் சீருடையோடு நிற்கும் பிள்ளைகள், பாற்கலத்தைத் தோளில் வைத்திருக்கும் ஒருவர். வீதி இல்லை.

6

ஆர் வளைவு கேட்டது என்று ஊர் கேட்டது. செயலகத்தில் கோப்பு எடுக்கப்பட்டது. 'மாறுபடும் குரல் ஏதுமின்றி' என்ற வரி யோகேஸ்வரியின் கையெழுத்தில் இருந்தது. கையை உயர்த்தியவர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். வெளிநாட்டுக்காரர் அவருக்குச் சேலை அனுப்பினார்கள் என்று கடையடியில் கதை. சேலை எதுவும் ஒன்றியத்திலிருந்து போகவில்லை. ஒன்றியத்தின் தாராளத்தை அறிந்தவன் என்ற முறையில் இதை என்னால் உறுதிப்படுத்த முடியும். யாரோ முறைப்பாடு எழுதினார்கள். நடவாததை நடந்ததாகப் பதிந்தமைக்குப் பதினான்கு நாள்களுக்குள் எழுத்தில் விளக்கம் தருமாறு செயலகம் அவரைக் கேட்டது. அக்கடிதத்தின் படத்தை நான் கண்டேன். விளக்கம் ஏற்கப்படாவிடின் எந்த நியமனத்துக்கும் அவர் பரிசீலிக்கப்படமாட்டார் என்று அதில் இருந்தது. கையொப்பம் இட்ட உத்தியோகத்தரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆர்னே அறிக்கையை மறுத்த அதே வாரத்தில், ஒரு சனிக்கிழமை முற்பகல், யோகேஸ்வரி என்னை அழைத்தார். அவருடைய தாயாரைப் போலவே என்னைச் 'சேர்' என்றுதான் அழைப்பார்.

"சேர், நான் பொய் எழுதேல்லை. கூட்டம் தொடங்க முதல் எழுதினனான், அவ்வளவுதான்."

அவரே தொடர்ந்தார்.

"அம்மாவின்ரை கொப்பியைப் பாத்துத்தான் எழுதினனான். அது உங்கட வசனம் எண்டு அவா பெருமையாச் சொல்லுறவா."

அவர் கேட்டது ஒரு கடிதம். உத்தியோகத்தர்களின் வழக்கம் இதுதான் என்றும், இந்த உத்தியோகத்தர் பணித்ததால்தான் யோகேஸ்வரி முன்கூட்டியே எழுதினார் என்றும் நான் செயலகத்துக்கு எழுதவேண்டும். முதலாவதை எழுதுவேன், இரண்டாவதை எழுத இயலாது என்றேன். அவர் பணித்ததை நான் காணவில்லை. தருமலிங்கத்துக்கும் அது தெரியாது. உத்தியோகத்தர் சொன்னது தொலைபேசியில், யோகேஸ்வரியிடம் மட்டும்.

அவர் பக்கம், தொலைவில் உழவு இயந்திரம் ஒன்றின் ஓசை கேட்டது.

"சரி சேர். காணாததை எழுதாதேங்கோ. நான் எழுதித்தானே இப்பிடி நிக்கிறன்."

அதில் ஏளனம் இருந்ததா என்று எண்ணிப் பார்த்தேன். இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நியாயமே.

7

என் மகள் மயூரி இங்கு பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். வாசிப்பதற்கு நான் தவிர வேறு காரணம் அவளுக்கு இல்லை. அன்று என் கைப்பேசியில் இருந்த வளைவுக் கூட்டறிக்கையின் படத்தைத் தானாகவே எடுத்து, குசினி மேசையில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். 'மாறுபடும் குரல் ஏதுமின்றி' வரைக்கும் வந்து நிமிர்ந்தாள்.

"அப்பா, இதிலை எத்தினை பேர் இருந்தவை?"

அறுபத்துநான்கு என்று எழுதப்பட்டிருக்கிறது என்றேன்.

"அறுபத்துநாலு பேரும் ஓமாமோ? எங்கட வீட்டிலை மூண்டு பேருக்கு ஒரு சோறு கறி ஒத்துவராது."

சிரித்துவிட்டு, இதை எழுதியவர் யார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்தினாள். வசனம் நல்லாயிருக்கு என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, கைப்பேசியைத் திருப்பித் தந்தாள். பிள்ளைகள் மொழியைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று நாம் வருந்துகிறோம். இந்த வாக்கியத்திலிருந்து அவள் விலகி நிற்பதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் பிற்பகலிலேயே கடிதத்தை எழுதினேன். அதன் சாரம் இது: மேற்படி அறிக்கையின் வாசகம் என்னால் ஆக்கப்பட்டது. கூட்டத்துக்கு முன்பே அதை எழுதிவைக்குமாறு சங்கச் செயலாளர்களைப் பணித்தவன் நான். என் வசதிக்காகவே பணித்தேன். அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளில், கூட்டம் தொடங்கும் முன்னரே நான் கையொப்பம் இட்டிருக்கிறேன். எத்தனை என்று எனக்குத் தெரியாது. உத்தியோகத்தரின் கையொப்பம், அவர் அங்கு இருந்தார் என்பதற்கான சான்று. இந்த அறிக்கை பொய்யானால் அப்பொய்க்குக் கையொப்பம் உண்டு. அது செயலாளருடையது மட்டுமன்று.

வாசித்துப் பார்த்தேன். அழகான வரி ஒன்று இடையில் புகுந்திருந்தது. அதை வெட்டினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதன் படத்தை யோகேஸ்வரிக்கும் ஒன்றியத்துக்கும் அனுப்பினேன். யோகேஸ்வரியின் விளக்கத்தோடு அது இணைக்கப்பட்டது; இணைத்த தாளின் படத்தைக் கண்டேன். இம்முறை பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கியிருந்தார். நான் ஊர் மானத்தைக் காற்றில் பறக்கவிடுவதாகச் சிவஞானம் குரற்பதிவில் சொன்னார். அடுத்த ஒன்றியக் கூட்டத்தில் மதகு பேசப்படவேண்டும் என்றும், என் மாறுபட்ட குரல் அறிக்கையில் பதியப்படவேண்டும் என்றும் அவருக்கு எழுதினேன். மறுமொழி வரவில்லை.

8

இனி, அறியாதவை.

யோகேஸ்வரி செயலகத்தில் வைத்ததாகச் சொன்ன இரண்டாம் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்பது தெரியாது. உத்தியோகத்தர் அதைக் கண்டாரா என்பது தெரியாது. அவரோடு பேச இரு முறை முயன்றேன், முதல்முறை அவர் வேறிடத்தில் கடமை என்றார்கள், மறுமுறை இடமாற்றம் என்றார்கள். என் கடிதத்தை எவரேனும் வாசித்தார்களா என்பதும், ஒப்பந்தப் பட்டியலில் யோகேஸ்வரியின் பெயர் இன்னும் உள்ளதா என்பதும் தெரியாது. வாய்க்காலுக்குக் குறுக்கே இப்போது தென்னங்குற்றிகள் போடப்பட்டுள்ளன. அவை அடுத்த மாரியைத் தாங்குமா என்று தருமலிங்கத்தைக் கேட்டேன். தமக்கும் தெரியாது என்றார்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம். செயலாளராக இருக்க எவரும் முன்வரவில்லை என்று யோகேஸ்வரியும் தருமலிங்கமும் சொன்னார்கள். அறிக்கைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்புமாறு யோகேஸ்வரியைக் கேட்டேன், அனுப்பினார். அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் யார் எழுதுவார் என்பது எனக்குத் தெரியாது.